இடது காலுக்குப் புது வேலை

கார் ஓட்டத் தெரிந்த ஒருவர் ஸ்டீயரிங் வீலும் பெடலும் வாங்கி, ரேஸ் கேமில் முதன்முறையாக இடது காலால் பிரேக் போட்டால் பெரும்பாலும் நடப்பது ஒன்றுதான். முதல் வளைவிலேயே பெடல் அடிவரை போய்விடும். முன்சக்கரங்கள் சுழலாமல் இறுகி, டயரிலிருந்து புகை கிளம்பி, கார் நேராகப் போய்ச் சரளைக்கல்லில் புதையும். அடுத்த வளைவில் பயந்து போய் லேசாகத் தொடுவார். வேகம் குறையவே குறையாது, கார் சுவரில் மோதும். இரண்டு மூன்று சுற்று இப்படியே போனதும், இது நமக்கு ஒத்துவராது என்று வலது காலுக்கே திரும்பிவிடுவார்.

இதற்குக் காரணம் இடது கால் இதுவரை பழகிய வேலை. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்த நாள் முதல் அது மிதித்தது கிளட்சை மட்டும். கிளட்சை மிதிக்கும்போது அளவு பார்ப்பதில்லை. ஒரே அமுக்கில் அடிவரை போக வேண்டும். பிரேக்கை அளந்து மிதிக்கும் வேலை முழுவதையும் ஆண்டுக்கணக்கில் வலது கால்தான் செய்து வந்திருக்கிறது. ஆகவே இடது காலின் கீழ் எந்தப் பெடல் வந்தாலும் அது கிளட்ச் என்றே எடுத்துக்கொண்டு மிதிக்கும்.

ஆனால் அதே கால் இன்னொன்றையும் கற்றிருக்கிறது. மேம்பாலத்து ஏற்றத்தில் நெரிசலில் நின்ற காரை ஹாஃப் கிளட்சில் பிடித்து நகர்த்தும்போது, கிளட்சை மயிரிழை மயிரிழையாக விடத் தெரிந்த கால் அது. வேகமாக மிதி, மெதுவாக விடு என்பதுதான் கிளட்சின் இலக்கணம். ரேஸ் காரின் பிரேக்குக்கும் இலக்கணம் ஏறக்குறைய அதுவே. மிதிக்கும்போது எங்கே நிறுத்துவது என்பதை மட்டும் இடது கால் புதிதாகக் கற்க வேண்டும். விடுவதில் அதற்கு ஏற்கெனவே பாதிப் பயிற்சி உண்டு. இந்த அத்தியாயம் சொல்லவருவதும் அதைப் பற்றித்தான்: இடதுகால் பிரேக்கின் பயன் பிரேக் போடுவதில் இருப்பதைவிட, போட்ட பிரேக்கை விடுவதில்தான் அதிகம்.

மிச்சமாகும் நேரம் எவ்வளவு?

மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் ஏறக்குறைய 69 மீட்டர் கடக்கும். வலது கால் ஆக்ஸிலரேட்டரை விட்டுப் பிரேக்குக்கு மாற நொடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆகிறது என்று வைத்துக்கொண்டால், அதற்குள் கார் 14 மீட்டர் போய்விடும். மூன்று கார்களை வரிசையாக நிறுத்தினால் வரும் நீளம் அது. இடது காலுக்கு மாறச் சொல்பவர்கள் வழக்கமாக இந்தக் கணக்கைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள்.

கணக்கு சரி. ஆனால் அதிலிருந்து வரும் முடிவு அரைகுறையானது. வலது காலால் பிரேக் போடுபவர் அந்த 14 மீட்டரை அப்படியே இழப்பதில்லை. அந்தத் தூரத்துக்கு முன்பே ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டு, முழு விசையில் போகவேண்டிய இடத்தில் சும்மா உருண்டு போகிறார். அதனால் ஒரு வளைவுக்கு ஆகும் நஷ்டம் மிகச் சிறியது. அந்தச் சில்லறைக்காக மட்டும் என்றால் வாரக்கணக்கில் காலைப் புதிதாகப் பழக்குவது வீண் உழைப்பு.

உண்மையான லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. பெல்ஜியத்தின் ஸ்பா ட்ராக்கில் பூஆன் என்றொரு இரட்டை இடது வளைவு உண்டு. இறக்கத்தில், மிக வேகமாக வரும் வளைவு. அங்கே தேவைப்படுவது பெரிய பிரேக் அல்ல. காரின் மூக்கைச் சற்றே தாழ்த்தி உள்ளே திருப்பிவிட ஒரு சின்னத் தொடல். வலது காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து எடுத்து, பிரேக்கைத் தொட்டு, மறுபடி கொண்டுவந்து வைப்பதற்குள் காரின் பாரம் முன்னும் பின்னுமாக இருமுறை ஆடிவிடும். அந்த வேகத்தில் அப்படியொரு ஆட்டம் போதும், பின்பக்கம் வழுக்கிக் கார் சுழல. இடது கால் ஏற்கெனவே பிரேக் மேல் காத்திருந்தால், ஒரு கால் இறங்க இறங்க மற்றது ஏறும்; பாரம் மாறுவது உள்ளிருப்பவருக்கே தெரியாத அளவு வழுவழுப்பாக இருக்கும். லேப் நேரம் இங்கேதான் குறைகிறது. அதைவிட முக்கியமாக, சுழன்று போய்ப் பந்தயத்தையே கெடுத்துக்கொள்ளும் சுற்றுகள் இங்கேதான் குறைகின்றன.

பனிக்காட்டில் பிறந்த வித்தை

இந்த உத்தி கம்ப்யூட்டரில் தோன்றியதல்ல. 1960களில் ஸ்வீடன், ஃபின்லாந்து ராலி ஓட்டுநர்கள் இதைப் பேர்போன வித்தையாக்கினார்கள். ஸ்வீடனின் எரிக் கார்ல்சன் ஓட்டிய சாப் 96 முன்சக்கர இயக்கமுள்ள சிறிய கார். டூ ஸ்ட்ரோக் எஞ்சின். அந்த எஞ்சினுக்கு ஆயில் பெட்ரோலோடு கலந்தே வரும், பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும் என்பதால், ஆக்ஸிலரேட்டரை விட்டதும் எஞ்சினைச் சக்கரத்திலிருந்து விடுவிக்கும் ஃப்ரீவீல் ஏற்பாட்டை அதில் வைத்திருந்தார்கள். விளைவு, எஞ்சின் பிரேக்கிங் என்ற துணை கிடையாது. எஞ்சினின் சுழற்சி இறங்கிவிட்டால் மறுபடி ஏறுவதற்கும் நேரம் பிடிக்கும். வலது காலை எடுக்காமல் இடது காலால் பிரேக் போடுவது அந்தக் காருக்கு நல்ல மருந்து. 1962, 1963 என்று இரண்டு வருடம் அடுத்தடுத்து கார்ல்சன் மோன்டே கார்லோ ராலியை வென்றார்.

மினி கூப்பரில் ஃபின்லாந்தின் டீமோ மேக்கினென், ராவ்னோ ஆல்டோனன் இருவரும் இதே வித்தைக்குப் பேர்பெற்றவர்கள். மேக்கினென் 1965இலும் ஆல்டோனன் 1967இலும் மோன்டே கார்லோவை வென்றார்கள். மினியும் முன்சக்கர இயக்கம்தான். அத்தகைய காரில் ஆக்ஸிலரேட்டரையும் பிரேக்கையும் ஒருசேர மிதித்தால், முன்சக்கரங்களில் எஞ்சினின் உந்துதல் பிரேக்கின் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும். பின்சக்கரங்களுக்கு உந்துதல் கிடையாது. பிரேக் அங்கே முழுதாகப் பிடிக்கும். பின்பக்கம் பிடி தளர்ந்து வெளியே நழுவ, மூக்கு வளைவுக்குள் திரும்பும். ஸ்டீயரிங்கைத் திருப்பியும் திரும்ப மறுக்கும் காரைக் காலால் திருப்பும் முறை இது.

டர்போ வந்தபோது இதற்கு இன்னொரு தேவை பிறந்தது. ஆடி குவாட்ரோ போன்ற கார்களில் ஆக்ஸிலரேட்டரை விட்டால் டர்போ வேகம் இழக்கும். மறுபடி மிதித்தாலும் சக்தி வர ஒரு கணம் தாமதம். வலது கால் மிதித்தபடியே இருக்க, இடது கால் வேகத்தைக் கட்டுப்படுத்தினால் அந்தத் தாமதம் குறையும். ராலி ஓட்டுநர் ஸ்டிக் ப்ளம்க்விஸ்டுக்கு இது சாப் காலத்திலேயே கைவந்த, இல்லை, கால்வந்த கலை. அவர் 1984இல் குவாட்ரோவில் உலக சாம்பியன் ஆனார். அதே அணிக்கு வந்த ஜெர்மனியின் வால்ட்டர் ரோர்ல் அதற்கு முன்பே இருமுறை உலகப் பட்டம் வென்றவர். இருந்தும் இடதுகால் பிரேக்கை இங்கே வந்துதான் பழக வேண்டியிருந்தது. பிறகு ஸ்போர்ட் குவாட்ரோ எஸ்1 காருக்குள் அவருடைய கால்களைப் படமெடுத்த காட்சியை இன்றும் ராலி ரசிகர்கள் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். கற்பவரும் ஒருமுறை பார்ப்பது நல்லது. மூன்று பெடலுக்கும் இரண்டு காலுக்கும் இடையில் எதுவும் நிலையாக நிற்பதில்லை. கார் மட்டும் நிலைகுலையாமல் போகிறது.

ட்ராக் பந்தயத்தில் கதை வேறு. கோ கார்ட்டில் கால் கிளட்சே கிடையாது. இடது பக்கம் பிரேக், வலது பக்கம் ஆக்ஸிலரேட்டர். சிறுவயதில் அதில் தொடங்கியவர்களுக்கு இடதுகால் பிரேக் இயல்பாகவே வந்துவிடும். ஃபார்முலா ஒன்னில் 1989ஆம் ஆண்டின் பெராரி 640 ஸ்டீயரிங்குக்குப் பின்னால் பேடில் வைத்து கியர் மாற்றும் முறையைக் கொண்டுவந்தது. பிரேசிலில் தன் முதல் பந்தயத்திலேயே நைஜல் மான்செல் கையில் வென்றது. இந்த முறை பரவி, கிளட்சும் கைக்கு மாறியபின் காலுக்கு இரண்டே பெடல் என்றானது. அப்போதும் எல்லோரும் உடனே மாறிவிடவில்லை. பெராரியில் மைக்கேல் ஷூமாக்கர் இடது காலால் பிரேக் போட்டுக்கொண்டிருக்க, அதே அணியின் ரூபன்ஸ் பாரிக்கெல்லோ வலது காலால் போடுபவர் என்று பெயர் பெற்றிருந்தார். ஃபார்முலா ஒன்னில் 11 வெற்றி கண்டவர் அவர். வலது காலால் ஓட்டுபவர் வேகமாக ஓட்டவே முடியாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டியதில்லை.

முதலில் நாற்காலி

பெடலின் விலையைப் பற்றிப் பேசுமுன் தரையைப் பார்க்க வேண்டும். நம் வீடுகளில் பெரும்பாலும் டைல்ஸ் அல்லது மொசைக் தரை. லாஜிடெக் ஜி29 பெடல் தொகுதியின் அடியில் கார்ப்பெட்டைப் பற்றிக்கொள்ள ஒரு பல் அமைப்பு உண்டு. டைல்ஸ் தரையில் அதனால் பயனில்லை. நான்கு முறை பிரேக் மிதித்தால் பெடல் சுவரை நோக்கியும், சக்கரம் வைத்த நாற்காலி எதிர்ப்பக்கமும் நகர்ந்துவிடும். கால் எவ்வளவு அழுத்தியது என்பதே தெரியாமல் போகும் இடம் இதுதான். பெடலுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு மரப்பலகையைச் சரியான நீளத்தில் அறுத்து வைத்தால் முதல் தொல்லை தீரும். நாற்காலிக்கு, சக்கரங்களைக் கழற்றிவிடலாம்; முடியாவிட்டால் பின்சக்கரங்களைப் பழைய ஷூக்களுக்குள் இறக்கிவிடலாம். சக்கரமே இல்லாத மர நாற்காலி இன்னும் மேல். விலை உயர்ந்த பெடலை உருளும் நாற்காலியோடு சேர்ப்பதைவிட, சாதாரணப் பெடலை அசையாத இருக்கையோடு சேர்ப்பது நல்ல பலன் தரும்.

உட்காரும் வாகும் மாற வேண்டும். குதிகால் தரையிலோ பெடல் தட்டிலோ ஊன்றியிருக்க, பாதத்தின் முன்பகுதி, அதாவது விரல்களுக்குக் கீழே தடித்திருக்கும் இடம், பெடலின் நடுவில் படவேண்டும். முழு பிரேக் போட்ட நிலையிலும் முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும். பலமான அழுத்தத்தைத் தொடை தரட்டும்; நுணுக்கமான விடுவிப்பைக் கணுக்கால் பார்த்துக்கொள்ளும். மூன்று பெடல் உள்ள தொகுதியில் பிரேக் நடுவில் இருப்பதால் இடது காலைச் சற்று உள்ளே கொண்டுவர வேண்டியிருக்கும். கிளட்சைப் பயன்படுத்தப்போவதில்லை என்றால், பெடல்களை நகர்த்தவோ கழற்றவோ வசதியுள்ள மாடலில் பிரேக்கை இடப்பக்கம் தள்ளிவைப்பது முதுகுக்கும் நல்லது. ஷூ போடுவதென்றால் அடிப்பாகம் மெல்லியதாக இருக்கட்டும். சாக்ஸ் மட்டும் போட்டு ஓட்டுபவர்களும் ஏராளம்.

தூரமா, அழுத்தமா?

பிரேக் பெடல்கள் பெரும்பாலும் இரண்டு ஜாதி. விலை குறைந்தவை பெடல் எவ்வளவு தூரம் இறங்கியது என்பதை அளக்கின்றன. பொட்டென்ஷியோமீட்டரோ காந்த சென்சாரோ அதைச் செய்யும். விலை கூடியவை லோட் செல் கொண்டவை. எவ்வளவு பலமாக அழுத்தப்படுகிறது என்பதை அளப்பவை. உண்மையான ரேஸ் காரின் பிரேக் இரண்டாவது ஜாதியைப் போலத்தான்: பெடல் கொஞ்சம்தான் நகரும், மீதியெல்லாம் அழுத்தம். ஃபார்முலா ஒன் காரில் முழு பிரேக்குக்கு 100 கிலோவுக்கும் மேற்பட்ட விசை தேவைப்படுகிறது. வீட்டுக்கு அவ்வளவு வேண்டாம். த்ரஸ்ட்மாஸ்டர் டி-எல்சிஎம் பெடலில் 100 கிலோ வரை அளக்கும் லோட் செல் இருக்கிறது. ஆனால் அதில் கால்வாசி விசைக்கே முழு பிரேக் வரும்படி அமைத்துக்கொள்ளலாம்.

கால் இத்தனை சென்டிமீட்டர் இறங்கியது என்பதை நினைவில் வைப்பதைவிட, இவ்வளவு பலம் கொடுத்தது என்பதை நினைவில் வைப்பது தசைக்கு எளிது. அதனால்தான் லோட் செல்லுக்கு மாறியவர்கள் ஒரே இடத்தில் ஒரே அளவு பிரேக் போடுவது எளிதாகிவிட்டது என்கிறார்கள். ஜி29இன் பிரேக் பெடலுக்குள் லாஜிடெக் ஒரு ரப்பர் துண்டு வைத்ததும் இதே நோக்கத்தில்தான். பாதி வழிக்குமேல் பெடல் இறுகி, அழுத்தம்போல் உணரவைக்கும். அது மிகக் கடினமாக இருக்கிறது என்று பலர் ரப்பரைக் கழற்றி எறிகிறார்கள். வலது காலால் ஓட்டுபவர் அப்படிச் செய்யட்டும். இடது காலைப் பழக்குபவர் அதைக் கழற்றக் கூடாது. அடிவரை மிதித்துப் பழகிய காலுக்கு எதிர்த்து நிற்கும் பெடல்தான் ஆசான்.

பெடலை வாங்கும் முன்பேகூட காலுக்குப் பாடம் தொடங்கலாம். எடை பார்க்கும் மெஷினைச் சுவரோரம் சாய்த்து வைத்து, நாற்காலியில் உட்கார்ந்தபடி இடது பாதத்தால் 10 கிலோ அழுத்திப் பார்க்க வேண்டும். பிறகு 20, பிறகு 30. அளவு தோராயமாகத்தான் வரும், அது போதும். அடுத்து கண்ணை மூடிக்கொண்டு 20 என்று நினைத்து அழுத்தித் திறந்து பார்த்தால் பெரும்பாலும் முள் அதையெல்லாம் தாண்டி நிற்கும். பிறகு 30இலிருந்து பூஜ்யம்வரை முள் குதிக்காமல் ஒரே சீராக இறங்கும்படி விட்டுப் பழக வேண்டும். இந்தச் சீரான இறக்கம் கைகூடினால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

கேமின் செட்டிங்கில் இரண்டு விஷயம் கட்டாயம். முதலாவது டெட்சோன், அதாவது பெடலின் தொடக்க அசைவைக் கேம் கண்டுகொள்ளாமல் விடும் அளவு. இடது கால் எப்போதும் பிரேக் மேலேயே கிடப்பதால், நேர்ப்பாதையில்கூட ஒரு சதவீதம், இரண்டு சதவீதம் பிரேக் பிடித்தபடியே போக வாய்ப்புண்டு. கார் ஏன் மந்தமாக இருக்கிறது, பிரேக் ஏன் சூடாகிறது என்று புரியாமல் திண்டாடுபவர்கள் முதலில் திரையில் பிரேக்கின் அளவைக் காட்டும் கோட்டைப் பார்க்க வேண்டும். இரண்டு மூன்று சதவீதம் டெட்சோன் வைத்தால் தீர்ந்தது. காலின் பாரத்தைக் குதிகாலில் தாங்கப் பழகுவது அதைவிட நல்ல தீர்வு. இரண்டாவது, முழு பிரேக்குக்கு வேண்டிய அழுத்தம். ஒருமணி நேரம் ஓட்டினாலும் கால் நடுங்காத அளவில் அதை வைக்க வேண்டும். அசெட்டோ கோர்ஸா என்ற கேமில் பிரேக் காமா என்றும், ஐரேசிங் என்ற கேமில் பிரேக் ஃபோர்ஸ் ஃபேக்டர் என்றும் இருக்கும் செட்டிங், பெடலின் எந்தப் பகுதி அதிக உணர்வோடு இருக்கவேண்டும் என்பதை மாற்றும். தூரத்தை அளக்கும் பெடலுக்கு இதைச் சற்றே கூட்டுவது உதவும். லோட் செல்லுக்குப் பொதுவாகத் தொடவேண்டாம்.

மொன்சாவில் ஒரு வளைவு

பயிற்சிக்கு ஒரு ட்ராக் முழுவதும் தேவையில்லை. ஒரே ஒரு வளைவு போதும். இத்தாலியின் மொன்சாவில் நீண்ட நேர்ப்பாதை முடிவில் வரும் முதல் சிகேன் அதற்கு ஏற்றது. அசெட்டோ கோர்ஸா, அதன் அடுத்த வெளியீடான காம்பெட்டிசியோனே இரண்டிலும் மொன்சா உண்டு. ஜிடி3 வகைப் பந்தயக் கார்கள் அங்கே 250ஐத் தாண்டிய வேகத்தில் வந்து, இரண்டாம் கியர் அளவுக்குக் குறைத்து, வலது பக்கம் திரும்பி உடனே இடது பக்கம் திரும்பும். தூரத்தைக் காட்டும் பலகைகள் ஓரத்தில் இருப்பதால் எங்கே பிரேக் தொடங்கியது என்பதில் குழப்பம் வராது.

புதியவர் 200 மீட்டர் பலகையிலேயே தொடங்கலாம், தாராளமாக இடமிருக்கும். பலகை வந்ததும் வலது கால் மேலே வர, அதே கணத்தில் இடது கால் இறங்க வேண்டும். இறங்குவது திடீரென்று, பலமாக, ஆனால் அறைவதாக இல்லாமல் இருக்க வேண்டும். கார் மிக வேகமாகப் போகும்போதுதான் இறக்கைகள் அதைத் தரையோடு அதிகம் அழுத்திப் பிடிக்கின்றன. இந்த அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் மாறும். வேகம் பாதியானால் அழுத்தம் கால்வாசியாகிவிடும். அதனால் மிகப் பலமான பிரேக்கை டயர் தாங்குவது தொடக்கத்தில்தான். 250இல் தாங்கிய அதே பிரேக்கை 120இலும் பிடித்துக்கொண்டிருந்தால் சக்கரம் இறுகும். சக்கரம் இறுகாமல் காக்கும் ஏபிஎஸ் உள்ள காரிலும் மூக்கு திரும்பாது. ஆகவே வேகம் இறங்கத் தொடங்கியதும் காலும் மேலே வரத் தொடங்க வேண்டும். கியர்கள் ஒவ்வொன்றாக இறங்கும் நேரம் முழுவதும் கால் மெல்ல விட்டுக்கொண்டே இருக்கிறது.

ஸ்டீயரிங்கைத் திருப்பும் கணத்தில் ஏறக்குறைய கால்வாசி பிரேக் இன்னும் மிச்சமிருக்கட்டும். இதைத்தான் ட்ரெயில் பிரேக்கிங் என்கிறார்கள். டயருக்கு இருக்கும் பிடி ஒரு குறிப்பிட்ட அளவுதான். அதை நிறுத்துவதற்கும் திருப்புவதற்கும் பங்கு போட வேண்டும். ஸ்டீயரிங் கூடக்கூட பிரேக் குறைய வேண்டும். கை எவ்வளவு திரும்பியதோ அவ்வளவுக்குக் கால் விட்டிருக்க வேண்டும், வளைவின் உள்முனையில், ஓட்டுநர்கள் ஏபெக்ஸ் என்று சொல்லும் இடத்தில், பிரேக் பூஜ்யமாகியிருக்க வேண்டும். அந்தக் கால்வாசி பிரேக்தான் முன்டயர்கள் மேல் பாரத்தை வைத்து, மூக்கைத் திருப்பிக் கொடுக்கிறது. திருப்புமுன்பே பிரேக்கைச் சட்டென்று விட்டவரின் மூக்கு எழும்பிவிடும், கார் வெளிப்பக்கம் ஓடும். விடாமல் பிடித்தவரின் பின்பக்கம் இலேசாகிச் சுழலும். சுழல்வது தொடர்ந்தால், முன், பின் சக்கரங்களுக்கிடையே பிரேக்கைப் பங்கிடும் பிரேக் பயாஸை முன்பக்கம் ஒன்றிரண்டு சதவீதம் தள்ளிவிட்டுப் பழகலாம். கால் தேறியபின் திருப்பி வைத்துக்கொள்ளலாம்.

இதெல்லாம் சரியாக நடந்ததா என்று பார்க்கக் கோடு இருக்கிறது. காம்பெட்டிசியோனே தரும் டெலிமெட்ரியை மோட்டெக் மென்பொருளில் திறந்தால் பிரேக்கின் வரைபடம் கிடைக்கும். நல்ல ஓட்டுநரின் கோடு செங்குத்தாக ஏறி, உச்சியில் கொஞ்சம் நின்று, நீண்ட சரிவாக இறங்கும். புதிதாக இடது காலுக்கு வந்தவரின் கோடு உச்சிக்கு ஏறி, பயந்து பாதி இறங்கி, மறுபடி ஏறி, கடைசியில் வெட்டியதுபோல் விழும். இந்த ரம்பப்பல் மறைவதுதான் முதல் முன்னேற்றம். லேப் நேரம் அப்போதும் பழைய வலதுகால் நேரத்தைவிட மோசமாகவே இருக்கலாம். அது கவலைப்பட வேண்டிய விஷயம் இல்லை.

பழகும் நாட்களில் லேப் நேரத்தைத் திரையிலிருந்தே எடுத்துவிடுவது நல்லது. ஆன்லைன் பந்தயமும் வேண்டாம். தேறாத காலோடு இருபது பேருக்கு நடுவே முதல் வளைவுக்குப் போவது மற்றவர்களின் மாலைப்பொழுதையும் கெடுக்கும். இன்று இடது கால், நாளை ஜெயிக்க வேண்டும் என்பதற்காக வலது கால் என்று மாறிமாறி ஓட்டுவது பயிற்சியைக் குலைக்கும் முதல் எதிரி. வேகம் குறைந்த, இறக்கை இல்லாத, ஏபிஎஸ் இல்லாத காரில் தொடங்குவது உத்தமம். ஐரேசிங்கின் மாஸ்டா எம்எக்ஸ்-5 கோப்பைக் கார் அப்படிப்பட்டது. தவறு செய்தால் உடனே காட்டும், ஆனால் மன்னிக்கும். கியர் இறக்கும்போது அதில் ஆக்ஸிலரேட்டரை ஒரு தட்டுத் தட்ட வேண்டும். பிரேக்கை இடது கால் பார்த்துக்கொள்வதால் வலது காலுக்கு அது தனி வேலையாக, எளிதாகிவிடுகிறது. வலது காலாலேயே பிரேக்கும் போட்டு, அதே பாதத்தின் ஓரத்தால் ஆக்ஸிலரேட்டரையும் தட்டும் ஹீல் அண்ட் டோ அங்கே தேவையில்லை.

ராலி கேம்களில் மட்டும் ஒரு விதி தலைகீழாகிறது. ட்ராக்கில் இரண்டு பெடலையும் சேர்த்து மிதிப்பது பெரும்பாலும் தவறு. டர்ட் ராலி 2.0இல் மினி கூப்பர் எஸ் எடுத்து ஓட்டுபவர் வேண்டுமென்றே அதைச் செய்ய வேண்டும். சரளைப் பாதையில் வளைவுக்குள் நுழைந்தபின் வலது காலை எடுக்காமல் இடது காலால் தட்டினால், மேக்கினெனும் ஆல்டோனனும் செய்த அதே விளைவு திரையில் கிடைக்கும்.

எல்லாக் காருக்கும் இடது கால் பொருந்தாது என்பதையும் சொல்லியாக வேண்டும். லோட்டஸ் 49 போன்ற பழைய கார்களைத் தனி கியர் லீவரோடும் கிளட்சோடும் ஓட்ட விரும்புபவருக்கு இடது காலுக்குக் கிளட்சே வேலையாக இருக்கும். அங்கே பிரேக் வலது காலுக்குத்தான். ஹீல் அண்ட் டோ கற்றே தீர வேண்டும். இரண்டையும் கற்றவர்கள் காரைப் பொறுத்துக் காலை மாற்றிக்கொள்கிறார்கள். ஆனால் ஒன்று முழுதாக ஊறியபின்தான் மற்றதைத் தொட வேண்டும்.

கடைசியாக, சாலையைப் பற்றி. கேமில் கால் நன்றாகத் தேறிய பிறகு, வீட்டுக் காரிலும் ஒருமுறை பார்த்தால் என்ன என்று தோன்றும். தயவுசெய்து வேண்டாம். கிளட்ச் உள்ள காரில் அவசரத்தில் இடது காலுக்கு எது நினைவுக்கு வரும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. பின்னால் வருபவர் அதற்கு விலை கொடுக்க நேரும். ஆட்டோமேட்டிக் காரிலும் இடது கால் பிரேக் மேல் கிடந்தால் பிரேக் விளக்கு எரிந்தபடியே இருக்கும், பின்வரும் வண்டிக்கு எது உண்மையான பிரேக் என்று தெரியாது. தெருவில் பிரேக் வலது காலுக்கே இருக்கட்டும். இடது காலின் புது வேலையைத் திரைக்கு முன்னால் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.